பழமே தின்னாத பழக்கடைக்காரர்

சேலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அதன் பேருந்து நிலைய வாசலில் தள்ளுவண்டியில் பழம் நறுக்கி விற்கிறார் இவர். கோடையில் மாம்பழமும் தர்பூசணியும், மற்ற மாதங்களில் அன்னாசி, பப்பாளி, கொய்யா, விலை இறங்கினால் திராட்சை. வயது 54. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. கடைசி இரண்டு வருடமாக ஒரு கீற்றுப் பழம்கூட வாயில் வைத்ததில்லை. ஆனால் கடையில் உட்கார்ந்து விரலைக் குத்திப் பார்த்தால் மீட்டர் 280, 310, 340 என்று காட்டுகிறது.

நான் உணவு ஆலோசகர். இவர் என்னிடம் வந்தது ஜூன் மாதத் தொடக்கத்தில். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கதையில் என் தப்பும் ஒன்று இருக்கிறது, அதை மாற்றவில்லை.

வந்த கதை

கூடவே மனைவி வந்திருந்தார், கையில் ஒரு மஞ்சப்பையோடு. பைக்குள் இரண்டு குளுக்கோமீட்டர், ஒரு நோட்டு, மருந்துச் சீட்டுகள், பிளாஸ்டிக் டப்பாவில் மேரி பிஸ்கட். பிஸ்கட் யாருக்கு என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

"ஏனுங்க மேடம், இவரு பழத்தைத் தொடறதே விக்கறதுக்குத்தான். வாயில வைக்கறதில்ல, அதுக்கு நான் சாட்சி. அப்புறம் எப்படிங்க சுகர் முன்னூறத் தாண்டுது?" என்று அந்த அக்கா ஆரம்பித்தார். விடை அந்த முதல் வாக்கியத்திலேயே இருந்தது. அது புரிய எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

பிப்ரவரி வரை பெரிய சிக்கல் எதுவும் இல்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் காலையில், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான். மூன்று மாத சர்க்கரை என்று நாம் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. 7.2. இந்த வயதுக்கு 7க்குள் இருந்தால் நல்லது, 7.2 பயப்படும் அளவும் அல்ல. மார்ச்சில் மகன் ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்தார். பகலில் கடையில்தான் இருப்பார் என்பதால் மீட்டரும் கடைக்குப் போய்விட்டது. ஏப்ரலில் நோட்டைப் பார்த்த டாக்டர் கிளிமிபிரைடை 2 மில்லிகிராமாக ஏற்றினார். மே முதல் வாரம் 3 ஆக்கினார். அந்த எண்களைப் பார்த்தால் யாராயிருந்தாலும் ஏற்றியிருப்பார்கள்.

மே மூன்றாம் வாரம், பகல் பன்னிரண்டரை மணி. முகூர்த்த நாள், பேருந்து நிலையத்தில் கூட்டம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே நேரமில்லை. திடீரென்று வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. காசு எண்ண முடியாமல் பேச்சு குழறியது. பக்கத்து டீக்கடைக்காரர் வெவரமானவர். "சுகர் எறங்கிடுச்சு போல" என்று சர்க்கரைத் தண்ணி கலக்கக் கிளம்பினார். அதற்குள் மகன் மீட்டரை எடுத்து அப்பாவின் விரலைக் குத்தினார். 204 காட்டியது. "ஏறித்தாண்ணே இருக்கு, சர்க்கரை குடுத்துடாதீங்க" என்று தடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அங்கே பார்த்தபோது 46. குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, வண்டியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாராம்.

ஆட்டோவில் போன அந்த இருபது நிமிடத்தைப் பற்றி மகன் இன்னும் பேச மாட்டேன் என்கிறார்.

"மீட்டர் கெட்டுப் போயிருக்கும், வேறு வாங்குங்கள்" என்று அங்கே சொன்னார்கள். வேறு கம்பெனி மீட்டர் வாங்கினார்கள். அடுத்த நாள் கடையில் குத்திப் பார்த்தால் 296. கிளிமிபிரைடை 2க்கு இறக்கிய வழக்கமான டாக்டர், இந்த எண்ணையும் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறார் என்று பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

நோட்டு

நோட்டு அக்காவின் கையெழுத்தில் இருந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவர், ஆனால் நான் பார்த்த மருத்துவமனைக் குறிப்புகள் பலவற்றைவிட ஒழுங்காக எழுதியிருந்தார். காலை ஆறு மணி, வீட்டில்: 118, 124, 112, 131. பகல் பதினொன்று, கடையில்: 286, 312, 264, 341. இரவு ஒன்பது, குளித்துவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன்: 158, 149, 141.

இங்கேதான் என் தப்பு. வெறும் வயிற்றில் 120, பகலில் 300 என்றால் காலைச் சாப்பாடுதான் ஏற்றுகிறது என்று முடிவு கட்டினேன். எட்டு மணிக்கு ஐந்து இட்லி, சாம்பார், சர்க்கரை போட்ட டீ. சரி, இட்லியை மூன்றாக்குங்கள், கூட ஒரு கிண்ணம் சுண்டல் சேருங்கள், டீயில் சர்க்கரை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். நல்ல அறிவுரைதான். இந்தக் கேள்விக்கு மட்டும் அது பதில் இல்லை. அடுத்த வாரம் நோட்டில் கடை எண் 275, 301, 289. பழக்கடை அண்ணன் முகத்தில் ஒரு அலுப்பு: இட்லியும் போச்சு, சுகரும் போகவில்லை.

அன்று மறுபடி ஹெச்.பி.ஏ.1.சி. எடுக்கச் சொன்னோம். 7.2, பிப்ரவரியில் இருந்த அதே எண். இதை அந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எண்ணாக மாற்ற ஒரு கணக்கு உண்டு: 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழிக்க வேண்டும். 7.2க்கு 160 வரும். நோட்டோ வேறு சொல்கிறது. காலை 120, பகல் 300, இரவு 150 என்று சும்மா கூட்டி வகுத்தாலே 190. அப்படியானால் இந்தச் சோதனை எட்டைத் தாண்டியிருக்க வேண்டும். ரத்தசோகை போன்றவை இருந்தால் இந்தச் சோதனையும் ஏமாற்றும் என்பதால் ஹீமோகுளோபின் பார்த்தோம். 13.8, குறை இல்லை.

நோட்டை மறுபடி புரட்டியபோது ஒரு பக்க ஓரத்தில் அக்கா சின்னதாக எழுதியிருந்தது கண்ணில் பட்டது: "அமாவாசை. கடை இல்லை." அன்று பகல் பதினொன்று மணி எண் 148. முந்தின மாத அமாவாசையைத் தேடினேன். 151. பெரியம்மா இறந்து கடை திறக்காத இரண்டு நாள்: 139, 155. அதே ஆள், அதே இட்லி, அதே மாத்திரை. கடைக்குப் போனால் 300, போகாவிட்டால் 150.

வெயில் காரணமாக இருக்குமோ என்று ஒரு யோசனை ஓடியது. மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்புக்கு வெயில் ஆகாது. தள்ளுவண்டியின் கல்லாப்பெட்டியில் மே மாதம் முழுக்க வைத்திருந்தால் கெட்டுத்தான் போகும். ஆனால் இரவில் அதே டப்பா ஸ்ட்ரிப்பில்தான் 149 வந்திருக்கிறது.

கை

அடுத்த முறை கடையில் இருந்து நேராக வரச் சொன்னேன். பகல் பதினொன்றரைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அறை முழுக்க அன்னாசி வாசம்.

கையை நீட்டச் சொன்னேன். ஈரத்துணியில் துடைத்த கை, பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. அப்படியே குத்தினோம்: 298. அடுத்த விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்தினோம்: 231. பிறகு குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது விரல்: 143. அதே நேரம் முழங்கை நரம்பில் ரத்தம் எடுத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தோம். மாலையில் வந்த முடிவு 138.

பத்தே நிமிடத்தில் ஒரே மனிதருக்கு 298, 231, 143.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கணவரைப் பார்த்து, "அப்ப மெசினு மாம்பழத்துக்குத்தான் சுகர் பாத்திருக்குது" என்றார். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துளிச் சாறு இவ்வளவு செய்யுமா என்று படித்தவர்களே நம்புவதில்லை. நம் ரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைவு. 100 என்று மீட்டர் காட்டினால், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் இருக்கிறது என்று பொருள். உடம்பு முழுவதும் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்திலும் சேர்த்து ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். திராட்சைச் சாற்றிலோ அதே 100 மில்லிலிட்டரில் குளுக்கோஸ் மட்டும் ஏழு கிராம் அளவுக்கு இருக்கும், 7000 மில்லிகிராம். மீட்டருக்கு வேண்டிய ரத்தம் ஒரு மைக்ரோலிட்டர்கூட இல்லை, கடுகைவிடச் சின்னத் துளி. அந்தத் துளியில் இருபதில் ஒரு பங்கு திராட்சைச் சாறு கலந்தால் போதும், எண் முன்னூறுக்கு மேல் கூடிவிடும். மாம்பழத்திலும் அன்னாசியிலும் குளுக்கோஸ் இதைவிடக் குறைவு. ஆனால் இவர் நாள் முழுக்க நறுக்குகிறார், சாறு விரல் ரேகைகளில் காய்ந்து காய்ந்து கெட்டியாகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஜப்பானில் ஒரு குழு ஆரஞ்சு, திராட்சை, கிவிப் பழங்களை உரிக்க வைத்து விரலைக் குத்திப் பார்த்து 2011இல் வெளியிட்டிருக்கிறது. கழுவாத விரலில் எண் தாறுமாறாக ஏறியது. ஸ்பிரிட் பஞ்சால் பல தடவை துடைத்தும் முழுக்க இறங்கவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவியதும் சரியானது. சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல ஸ்பிரிட்டில் கரையாது, பஞ்சு அதை இங்கிருந்து அங்கே இழுத்துப் பூசுகிறது. ஆனால் நம் ஊரில் விரலைக் குத்தும் எல்லா இடத்திலும் பழக்கம் ஸ்பிரிட் பஞ்சுதான். மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் தாளில் கை கழுவச் சொல்லித்தான் இருக்கிறது, பொடி எழுத்தில். இவர் வீட்டில் அந்தத் தாள் ஸ்ட்ரிப் டப்பா ஆடாமல் இருக்க மடித்து அடைத்திருந்தது.

இந்த விரல் ஒரு எண்ணைக் கூட்டிக் காட்டியதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த எண்ணை நம்பி மாத்திரை மூன்று மடங்கு ஆயிற்று. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து; சாப்பாடு தள்ளிப் போனால் சர்க்கரையைக் கீழே இறக்கிவிடும். இறக்கியது. அப்போதும் அதே விரல் 204 என்று காட்டி, கொடுக்க வந்த சர்க்கரைத் தண்ணியையும் தடுத்தது. அன்றைக்கு டீக்கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் ஆட்டோவே தேவைப்பட்டிருக்காது. வேர்வை, நடுக்கம், குழறல், அடங்காத பசி வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மீட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆள் நினைவிழந்துவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும்.

பழத்தை விட்ட கதை

கையை விட்டுவிட்டு இப்போது வாய்க்கு வருவோம். பழக்கடைக்காரர் பழத்தை ஏன் விட்டார்?

இரண்டு வருடம் முன்பு ஓரிடத்தில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதிரித் தாளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தவிர்க்க வேண்டியவை என்ற தலைப்பில் மா, பலா, வாழை, சப்போட்டா, சீதா, திராட்சை. முக்கனியும் முதல் வரியிலேயே காலி. சாப்பிடக்கூடியவை என்ற தலைப்பில் கொய்யா, பப்பாளி, ஆப்பிள் எல்லாம் இருந்திருக்கின்றன. ஆனால் வீட்டில் அந்தத் தாள் பேசப்பட்டது "பழம் ஆகாது" என்ற இரண்டு சொல்லாகத்தான். தாள் கொடுப்பவர்கள் கவனிக்காத ஒன்று இது: தடைதான் வீட்டுக்குப் போய்ச் சேரும், அனுமதி வழியிலேயே விழுந்துவிடும்.

மாலை நாலு மணிக்குப் பசிக்கும். முன்பெல்லாம் வண்டியிலிருந்தே ஒரு கொய்யாவை எடுத்துக் கடித்துக்கொள்வார். தாள் வந்தபின் மேரி பிஸ்கட், டீயில் தோய்த்து ஆறு, கூட்டம் இல்லாத நாளில் எட்டு. "இனிப்பு பிஸ்கட் இல்லீங்களே மேடம், சுகர்காரங்க சாப்புடறதுதானுங்களே" என்றார். பையில் இருந்த டப்பாவின் கணக்கு அன்றுதான் தீர்ந்தது. ஆறு பிஸ்கட்டில் மாவுச்சத்தும் சர்க்கரையுமாக 25 கிராமுக்கு மேல் போகிறது, மைதா, நார் என்று சொல்ல ஒன்றும் இல்லை. 100 கிராம் கொய்யாவில் மாவுச்சத்து 14 கிராம், அதிலேயே 5 கிராம் நார். இனிப்பாக இருக்கிறது என்பதற்காகக் கொய்யாவை விட்டு, இனிப்பு தெரியவில்லை என்பதற்காக மைதாவைப் பிடித்திருக்கிறார்.

பழங்களை நாக்கை வைத்து வரிசைப்படுத்தினால் இப்படித்தான் சறுக்கும். சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதை வைத்து வரிசைப்படுத்தும் முறையை 1981இல் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்தது. கிளைசெமிக் குறியீடு என்கிறோம். குளுக்கோஸை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை ஒப்பிடுவது. அனைத்துலகப் பட்டியலில் ஆப்பிள் 36, ஆரஞ்சு 43, மாம்பழமும் வாழையும் 51, அன்னாசி 59, தர்பூசணி 76. பேரீச்சை 42. இந்த வரிசையையும் அப்படியே நம்பினால் தர்பூசணி விஷம், பேரீச்சை மருந்து என்றாகிவிடும், நிறையப் பேர் அப்படியே பேசவும் செய்கிறார்கள். ஆனால் 100 கிராம் தர்பூசணியில் மாவுச்சத்து எட்டு கிராமைத் தொடாது, மீதி தண்ணீர். 100 கிராம் பேரீச்சையில் முக்கால் பங்கு மாவுச்சத்து, அதில் பெரும்பகுதி சர்க்கரை. வேகத்தையும் அளவையும் சேர்த்துப் பார்க்காமல் எந்தப் பழத்துக்கும் நல்லது கெட்டது சொல்ல முடியாது. செவ்வாழை சர்க்கரைக்கு நல்லது என்று வாட்ஸப்பில் வருவதும் இந்த ரகம்தான்: ஒரு செவ்வாழையின் எடையில் இரண்டு சின்ன ஏலக்கி வாழை தாராளமாக வரும்.

திரும்பப் பழம்

அவசரப்படவில்லை. முதலில் சிறுநீரகம். சர்க்கரையோடு சிறுநீரகமும் பழுதாகியிருந்தால் பழத்தில் இருக்கும் பொட்டாசியம் தனிக் கவலை. வாழை, ஆரஞ்சு, இளநீர் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இவர் சாப்பிடும் டெல்மிசார்ட்டானும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. கிரியேட்டினின் சரியாக இருந்தது, சிறுநீரில் புரதம் இல்லை, பொட்டாசியம் 4.4. கிளிமிபிரைடை டாக்டர் பழையபடி 1 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தார்.

அப்புறம் அவரையே சோதிக்க வைத்தோம். கை கழுவி, சாப்பிடும் முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. ஒவ்வொன்றையும் மூன்று நாள் செய்தோம், ஏனென்றால் நல்ல மீட்டரே 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டலாம் என்று தர விதியே இடம் கொடுக்கிறது. ஒற்றை எண்ணை வைத்து ஒரு பழத்துக்குத் தண்டனை கொடுக்கக் கூடாது. இதை முதலில் மேரி பிஸ்கட்டில்தான் தொடங்கினோம். ஆறு பிஸ்கட்: சராசரியாக 128இல் இருந்து 179. அடுத்த வாரம் அதே நாலு மணி, அதே சர்க்கரையில்லாத டீ, நடுத்தரக் கொய்யா ஒன்று: 126இல் இருந்து 143. பிஸ்கட் டப்பா அந்த வாரத்தோடு பேரன் கைக்குப் போனது.

மாம்பழம்தான் பெரிய பஞ்சாயத்து. இமாம்பசந்தும் மல்கோவாவும் மணக்கும் சீசன், ஊரோ சேலம். "ரெண்டு கீத்து, அவ்வளவுதானுங்க" என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள். மதியம் வழக்கமான தயிர்ச் சோற்றுக்குப் பின்னால் இரண்டு கீற்று தின்றார்: 140இல் இருந்து 228. அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. சோற்றைப் பாதியாக்கி, கூட ஒரு கிண்ணம் பயறும் பொரியலும் சேர்த்து, அதே இரண்டு கீற்று: 138இல் இருந்து 174. மாம்பழம் மாறவில்லை, தட்டில் அதற்கு இடம் விடப்பட்டது. இரண்டு கீற்று 100 கிராம் இருந்தால் மாவுச்சத்து 15 கிராம். வெந்த சோற்றில் ஏறக்குறைய 55 கிராம் எடுத்து வைத்தால் சரியாகப் போயிற்று. நம் வீடுகளில் வயிறு நிறையச் சோறு தின்று, பூவன் பழம் ஒன்றையும் தின்றுவிட்டு, சர்க்கரை ஏறினால் பழி பூவன் மேல்தான் விழும். சோற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு மனம் வராது.

தர்பூசணி ஒரு தட்டு, பிரச்சினை இல்லை. அன்னாசியை அவரே வேண்டாம் என்றார், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டதாம். சப்போட்டா மில்க் ஷேக் ஒரு நாள் மகன் வாங்கி வந்து, பாதி டம்ளருக்கே 127இல் இருந்து 211 போனது. பழத்தைக் கடித்துத் தின்னும்போது நாலாவது சுளையிலேயே வாய் ஓய்ந்துவிடும். பிழிந்தால் நாலு சாத்துக்குடி ஒரு மூச்சில் உள்ளே போகும், நார் வடிகட்டியில் நின்றுவிடும். நாவல்பழம் ஜூன், ஜூலையில் வரும்போது தாராளமாகத் தின்னச் சொன்னேன். கொட்டையைப் பொடித்துத் தின்றால் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். விட முடியாது என்றேன்.

பழத்தைக் குறைத்தால் சர்க்கரை குறையுமா என்று நேராகவே சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. டென்மார்க்கில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 63 பேர். பாதிப் பேரைத் தினம் இரண்டு பழமாவது தின்னச் சொன்னார்கள், மீதிப் பேரை இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். 12 வாரம் கழித்து இரு பக்கமும் ஹெச்.பி.ஏ.1.சி. இறங்கியிருந்தது, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 2013இல் வந்தது. சின்ன ஆய்வு, அவர்கள் தட்டில் இட்லியும் இல்லை, மல்கோவாவும் இல்லை. அதனால் பழம் தின்றால் சர்க்கரை இறங்கும் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். தடுத்ததால் லாபம் இல்லை என்ற அளவுக்குத்தான் எடுத்துக்கொள்கிறேன். சீனாவில் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு 2017இல், சர்க்கரை நோயாளிகளில் வாரம் மூன்று நாளுக்கு மேல் பழம் தின்றவர்களுக்கு இறப்பு 17 சதவீதம் குறைவு என்றது. பழம் வாங்கித் தின்ன முடிந்தவர்கள் மற்ற வசதியும் உள்ளவர்களாக இருப்பார்கள் என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி பொதுவாக எல்லாருக்கும் நாளைக்கு 100 கிராம் பழம் என்கிறது. இவருக்கு நாங்கள் முடிவு செய்ததும் அந்த அளவைச் சுற்றித்தான்: நாலு மணிக்கு ஒரு பழம், மாம்பழ சீசனில் வாரம் இரண்டு நாள் மட்டும் மதியம் இரண்டு கீற்று, சோற்றில் கழித்துக்கொண்டு.

பிறகு

எல்லாம் ஒழுங்காகப் போகவில்லை. ஜூலையில் ஒரு காலை, கை கழுவிய பின்னும், வெறும் வயிற்றில் 196. அடுத்த நாள் 188. மெதுவாகக் கேட்டபோதுதான் வந்தது: சீசன் கடைசி, விலை விழுந்துவிட்டது, விற்காமல் கனிந்துபோன பழம் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. காசு கொடுத்து எடுத்த பழத்தைக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை, இரவு வீட்டுக்குப் போய் இரண்டு முழுப் பழம். தாளும் பட்டியலும் எழுதும் எங்களுக்கு இந்தக் கணக்கு வரவே வராது. எங்களுக்கு 100 கிராம் என்பது ஊட்டச்சத்து அளவு, அவருக்கு மிச்சப் பழம் என்பது போட்ட முதல். அக்காதான் வழி கண்டுபிடித்தார். மிஞ்சுவதை மறுநாள் விடியலில் பக்கத்துத் தெரு மாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் பால் வாங்கிக்கொள்கிறார்.

செப்டம்பரில் ஹெச்.பி.ஏ.1.சி. 6.8. எடை 68இல் இருந்து 66.5. லோ சுகர் ஒரு முறைகூட வரவில்லை. இறங்கியதற்குப் பழம் காரணம் என்று அவர் கடை வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், வியாபாரத்துக்கு அது நல்லதுதான். என் கணக்கில் பிஸ்கட்டும் பாதிச் சோறும் டீயில் சர்க்கரையும் போனதுதான் காரணம்.

கடையில் கை கழுவுவது எளிதாக இல்லை. பேருந்து நிலையக் குழாயில் பகலில் தண்ணீர் வராது. இருபது லிட்டர் கேன் காசு கொடுத்து வாங்குவது பழம் அலச. அதில் கைக்குச் செலவழிக்க அவருக்கு மனமில்லை. அதனால் பகல் சோதனையைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டோம். வாரம் ஒரு நாள், கடை இல்லாத நாளில், வீட்டில் பார்க்கிறார். கல்லாப்பெட்டியில் மீட்டர் இருந்த இடத்தில் இப்போது சின்ன டப்பாவில் குளுக்கோஸ் பவுடர் இருக்கிறது, டீக்கடைக்காரரிடமும் ஒன்று கொடுத்து வைத்திருக்கிறார்கள். நோட்டில் அக்கா நாலாவதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறார். தலைப்பு "கை". கழுவியிருந்தால் ஒரு டிக், இல்லாவிட்டால் அந்த எண்ணையே எழுதுவதில்லை.